பழைய ஃபோர்டு மஸ்டாங் கார் வாங்கப் போனால் முதலில் பின்பக்கம் குனிந்து பாருங்கள்

அமெரிக்காவின் மிச்சிகனில் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்க நல்ல மாதம் மார்ச். பனி உருகி, உறைந்து, மறுபடி உருகி ரோடெல்லாம் பள்ளமாகக் கிடக்கும். ஒரு வண்டியின் பின் சஸ்பென்ஷன் எந்த ரகம், எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த ரோடே சொல்லிவிடும். நான் என் 2012 மஸ்டாங் ஜிடியை ஜூலை மாதம், புதிதாகத் தார் போட்ட ரோட்டில் ஓட்டிப் பார்த்து வாங்கினேன். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. மீதிக் கதை பின்னால் வருகிறது.

முதலில் வருடக் கணக்கு. 1964இல் வந்த முதல் மஸ்டாங்கிலிருந்து 2014 மாடல் வரை பின்னால் சாலிட் ஆக்சில், அதாவது இரு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே அச்சு. 2015 மாடல் முதல் எல்லாவற்றிலும் சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன், அதாவது ஐஆர்எஸ். இடையில் விதிவிலக்கு 1999இல் ஐஆர்எஸ்ஸோடு வந்த எஸ்விடி கோப்ரா என்ற மஸ்டாங் ரகம். பழைய ஆக்சில் மாட்டும் அதே இடங்களில் மாட்டும்படி அதைச் செய்திருந்தார்கள். மாட்ட முடிந்தது என்றால் கழற்றவும் முடியும் அல்லவா? டிராக் ரேஸ், அதாவது கால் மைல் நேர்ரோட்டுப் பந்தயம், ஓட்டுபவர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டு சாலிட் ஆக்சிலையே திரும்பப் போட்டுக்கொண்டார்கள். ஆகவே கோப்ரா பார்க்கப் போனால் பேப்பரில் இருக்கும் வருடத்தை நம்ப வேண்டாம்.

போனில் டார்ச்சைப் போட்டு பின் பம்பருக்கு அடியில் பாருங்கள். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஒரே இரும்புக் குழாய், நடுவில் பூசணிக்காய் போல் ஒரு புடைப்பு என்றால் சாலிட் ஆக்சில். நாமக்கல் லாரிப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஹௌசிங்தான். உள்ளே கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்கள். லாரியில் பட்டை ஸ்பிரிங், 2012 மஸ்டாங்கில் காயில் ஸ்பிரிங். கூடவே ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பி, அதன் பெயர் பேன்ஹார்ட் பார். ஐஆர்எஸ் வண்டியில் பூசணிக்காய் மேலே சப்ஃபிரேமில், அதாவது பாடியோடு சேர்ந்த சட்டத்தில், உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து இரு பக்கமும் ரப்பர் பூட் போட்ட குட்டை ஷாஃப்ட் போகும்.

இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது. சாலிட் ஆக்சிலில் ஹௌசிங் முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து எகிறும். அவ்வளவு எடையையும் ஷாக் அப்சார்பர் அடக்கியாக வேண்டும். போதாததற்கு, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்ற சக்கரமும் சாயும்.

எனக்கு இது புரிந்தது ஐ-75 நெடுஞ்சாலையில் ஏறும் வளைந்த ரேம்ப்பில். வளைவின் நடுவே கான்கிரீட் இணைப்பு ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. அதன்மேல் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் வெளியே போனது போல இருந்தது. உண்மையில் நாலு விரல் போயிருந்தால் அதிகம். வயிறு அதை நம்பவில்லை. அடுத்த வாரம் நண்பரின் 2015 ஜிடியில் அதே ரேம்ப், அதே வேகம். தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது இப்படி ஒரு வளைவைத் தேடிப் போங்கள். வேக வரம்புக்குள், ஆக்சிலேட்டரைக் கூட்டாமல் குறைக்காமல் ஓட்டுங்கள். சாலிட் ஆக்சில் ஒரு துள்ளு துள்ளினால் அது அதன் குணம், குறை சொல்லாதீர்கள். துள்ளிய பிறகும் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போய்விட்டது. 'டங்' என்று இரும்புச் சத்தம் வந்தால் பெரும்பாலும் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் ஏதோ ஒன்று போயிருக்கும்.

நேர்கோட்டில் கதை மாறும். சட்டென்று ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் அமுங்கும். அப்போதும் சாலிட் ஆக்சிலின் டயர் இரண்டும் ரோட்டில் தட்டையாகவே நிற்கும். ஐஆர்எஸ்ஸில் டயரின் மேல்பக்கம் லேசாக உள்ளே சாயும். அதைவிடத் தொல்லை வீல் ஹாப், அதாவது சக்கரம் துள்ளித் துள்ளி ரோட்டில் அடிப்பது. டயர் பிடிக்கும், புஷ் முறுக்கிக்கொள்ளும், டயர் விடும், முறுக்கு திரும்பி உதைக்கும். பின்னால் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல 'தடதட' என்று கேட்கும். கேட்ட நொடியில் காலை எடுங்கள். விடாமல் மிதித்தால் ஷாஃப்ட் உடையும். சாலிட் ஆக்சிலிலும் இது வரும், ஆனால் பழைய கோப்ராவுக்கு இந்த விஷயத்தில் கெட்ட பெயரே உண்டு. இதை வைத்து ஐஆர்எஸ் டிராக் ரேஸுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் 2018 டாட்ஜ் டீமன் காரைக் காட்டுங்கள். அதில் ஐஆர்எஸ்தான், முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பி கால் மைலை 9.65 விநாடியில் முடித்தது. எதிர்ப்பக்கம் 2012 மஸ்டாங் பாஸ் 302: சாலிட் ஆக்சில், 444 குதிரைசக்தி, வளைவுகள் நிறைந்த ரேஸ் மைதானத்துக்கென்றே செய்த வண்டி.

சாலிட் ஆக்சில் வண்டியைத் தாழ்த்தியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பேன்ஹார்ட் பார் ஒரு வட்டத்தின் வில்லில்தான் நகரும். வண்டியைத் தாழ்த்தினால் ஆக்சில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். நான் ஓர் ஒர்க்‌ஷாப்பில் குட்டை ஸ்பிரிங் போட்டேன். அவர்கள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு மாதத்தில் ஒரு பக்க டயரின் ஓரத்தில் உரசிய கோடு. பார்க்கச் சுலபமான வழி: நூலில் ஒரு நட்டைக் கட்டி, ஃபெண்டர் விளிம்பிலிருந்து சக்கரத்தின் நடுவுக்கு நேராகத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை நான் கண்டுகொள்ள மாட்டேன். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் பார் வாங்க வேண்டும், அந்தக் காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அலைன்மென்ட் பேப்பர், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளந்த பேப்பர், கேளுங்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை. சாலிட் ஆக்சிலில் பின்பக்க கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே வெளியே சாய்வது), டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்புவது) இரண்டும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும், திருகிச் சரிசெய்ய அங்கே எதுவும் கிடையாது. எண் நன்றாக விலகியிருந்தால் ஹௌசிங் வளைந்திருக்கிறது, வண்டி எங்கேயோ அடி வாங்கியிருக்கிறது. கிளம்பி வந்துவிடுங்கள். ஐஆர்எஸ்ஸில் எண் விலகினால் திருத்திக்கொள்ளலாம். ஆனால் டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியே புதிதாகத் தெரிந்த டயர் உள்ளே கம்பி தெரியத் தேய்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

எதை வாங்குவது? தினமும் ஆபீசுக்கு, குளிர்காலத்திலும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் 2015க்குப் பிந்தையதுதான், யோசிக்க ஒன்றுமில்லை. வார இறுதியில் டிராக் ரேஸ், குறைந்த செலவு, நாமே கழற்றி மாட்டும் ஆசை என்றால் 2011 முதல் 2014 வரை பாருங்கள். சாலிட் ஆக்சில் வண்டியை மலிவாக வாங்கி ஐஆர்எஸ்ஸாக மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். அந்தச் செலவுக்கு 2015ஐயே வாங்கிவிடலாம்.

நான் என் 2012ஐ விற்கவில்லை. நல்ல ஷாக், ஆக்சிலைப் பிடித்திருக்கும் கீழ் கன்ட்ரோல் ஆர்முக்குப் புது புஷ், நீளம் மாற்றும் பேன்ஹார்ட் பார், மூன்றும் போட்டபின் துள்ளல் பாதியாகிவிட்டது. வீட்டுக்காரம்மா மட்டும் அந்த ரேம்ப் வருவதற்கு முன்பே காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.