லெத்வே பழக வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

லெத்வே என்பது மியான்மரின் (பர்மாவின்) வெறுங்கைச் சண்டைக்கலை. யாங்கோனில் அதை நான் பழகிய கூடத்துக்கு இப்போதும் போய்வருகிறேன். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் முவே தாய் என்னும் தாய்லாந்துக் குத்துச்சண்டை ஆடியவர்கள். ‘அதே ஆட்டம்தான், கிளவுஸ் இல்லை, தலையாலும் முட்டலாம்’ என்ற நினைப்போடு வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். தாடையைத் தூக்காதே, கையை இறக்காதே என்பதையெல்லாம் எந்த மாஸ்டரும் முதல் நாளே சொல்லிவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மண்டையில் குத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

லெத்வேயில் கையில் சுற்றுவது காஸ் துணியும் டேப்பும்தான். விரல்களையும் மணிக்கட்டையும் அது சேர்த்துப் பிடிக்கும், அடியின் அதிர்வை வாங்காது. 16 அவுன்ஸ் கிளவுஸ் மாட்டி வருஷக்கணக்காகக் குத்துப்பை அடித்தவனுக்கு இது மூளையில் ஏறியிருக்கும், கைக்கு ஏறியிருக்காது. எதிராளியின் தலை தெரிந்த உடனே வலது கையை முழு பலத்தோடு விட்டுவிடுவான். அனுபவமுள்ள பர்மியக்காரர் அந்த நேரத்தில் பின்வாங்க மாட்டார், மோவாயை நெஞ்சில் பதித்து முன்நெற்றியை அந்தக் குத்துக்கே கொடுப்பார். உடம்பு உரம் என்று நாம் வியந்து பேசுவதில் பாதி, எந்த அடியை எந்த இடத்தில் வாங்குவது என்ற அந்தப் பழக்கம்தான்.

என் இரண்டாவது போட்டி, கயின் மாநிலத்தில் ஒரு பகோடா திருவிழாவில். இரண்டாம் ரவுண்டு, ஹ்னே குழல் வேகமெடுத்து மேளம் அடித்துக்கொண்டிருக்கிறது, எதிரில் நிற்பவர் களைத்துப்போனார் என்று நினைத்து ஒரு வலது ஹூக் விட்டேன். அவர் நெற்றியில் சிவப்பாக ஒரு தடம் விழுந்தது, அவ்வளவுதான். அப்புறம் மூலையில் டேப்பை வெட்டி எடுத்தபோது என் சுண்டுவிரல் முட்டி இருந்த இடத்தில் மேடே இல்லை, உள்ளே இறங்கியிருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டு அவிழ்த்த பிறகும் பல மாதம் வாளியைத் தூக்க இடது கைதான்.

போன மாதம் ஒரு பையனுக்கு அதே எலும்பு, அதே மாதிரி. ‘அடுத்த முறை இன்னும் இறுக்கமாகச் சுற்றுகிறேன் அண்ணா’ என்கிறான். இறுக்கினால் கை மரத்துப்போகும், முஷ்டி தளர்ந்திருப்பதே தெரியாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளால் மட்டும் குத்துங்கள். தாடைக்கும் விலாவுக்கும் ஈரலுக்கும் முஷ்டி, மண்டைக்கு முழங்கை. வாரத்தில் சில ரவுண்டாவது வெறும் சுற்றோடு, அரை பலத்தில் பை அடித்துப் பழகுங்கள், கோணல் குத்து எது என்று கையே சொல்லிவிடும்.

தலைமுட்டு

நெற்றியின் மேல்பகுதியால் முட்டுங்கள், உங்கள் கழுத்தை விறைப்பாக வைத்து. கண்ணை மூடக் கூடாது.

இரண்டு நிமிடத்தை நம்புவது

பாரம்பரிய விதியில், விழுந்தவருக்காக ஒரு போட்டிக்கு ஒரு முறை இரண்டு நிமிட ஓய்வு கேட்கலாம், கடைசி ரவுண்டில் கிடையாது. நினைவிழந்தவரைத் தண்ணீர் ஊற்றி எழுப்பி மறுபடி ஆடவிடும் வீடியோவைப் பார்த்துவிட்டு, இதுதான் வீரம் என்று வருகிறார்கள். நினைவு தப்பினால் மூளை அடிபட்டிருக்கிறது, இரண்டு நிமிடத்தில் அது சரியாகாது. ‘என்னால் முடியும்’ என்று அப்போது நீங்கள் சொல்வதை யாரும் கேட்கக் கூடாது. உங்கள் நினைவு தப்பினால் போட்டி முடிந்தது என்று மூலையில் நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

புள்ளிக் கணக்கு போடுவது

மூன்று நிமிடமாக ஐந்து ரவுண்டு. அது முடிந்தும் இருவரும் நின்றுகொண்டிருந்தால் டிரா, யார் அதிகம் அடித்தார் என்று எவரும் எண்ண மாட்டார்கள். கனடாவின் டேவ் லெடுக்கும் மியான்மரின் துன் துன் மின்னும் 2016இல் முதலில் மோதியபோது டிராதான், டிசம்பரில் மறுபடி மோதித்தான் லெடுக் ஜெயித்தார். முன்னிலையில் இருக்கிறோம் என்று ஐந்தாம் ரவுண்டில் ஒதுங்கி ஆடினால் கையில் இருந்ததும் போய்விடும். 2017க்குப் பிறகு புள்ளி முறையில் நடக்கும் போட்டிகளும் உண்டு, எந்த விதி என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

லெக்கா மௌன்

மடக்கிய ஒரு கையை மறு கையால் தட்டும் சைகை இது; எதிராளிக்கு அழைப்பு, சவால். மாஸ்டர் சொல்லித்தரும் வரை செய்யாதீர்கள்.