இரைப்பை, உணவுக்குழாய் ஒப்பரேஷனைக் கொழும்பில் செய்ய நினைப்பவர்களுக்கு

ஊருக்குப் போகும்போது பல்லையும் கண்ணையும் காட்டிவிட்டு வருவது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம். இப்போது அது பெரிய வைத்தியங்கள் வரை வந்துவிட்டது. தீராத நெஞ்செரிவு, ஹையேட்டஸ் ஹேர்னியா (இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறுவது), சாப்பாடு இறங்காமல் நெஞ்சில் நிற்பது, உடற்பருமன் என்று, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லப்பரஸ்கோப்பி சத்திரசிகிச்சைக்காகவே கொழும்பு போகிறவர்கள் இருக்கிறார்கள். லண்டனிலும் டொரொண்டோவிலும் மாதக்கணக்கில் காத்திருந்து களைத்தவர்களுக்கு, சனல் பண்ணினால் (தனியாரில் நேரம் பதிந்தால்) சில நாட்களிலேயே விசேட வைத்திய நிபுணரைப் பார்க்கலாம் என்பது பெரிய ஆறுதல்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் செய்யலாம், நல்ல கைகள் அங்கே இருக்கின்றன. ஆனால் இரண்டு வார லீவில் போய்ச் செய்யாதீர்கள். அவ்வளவு நாள்தான் இருக்கிறதென்றால் எண்டோஸ்கோப்பியை (வாய்வழியாகக் கமெராக் குழாய் விட்டுப் பார்ப்பதை) மட்டும் செய்து, வைத்தியரோடு ஆறுதலாகக் கதைத்துவிட்டுத் திரும்புங்கள். ஒப்பரேஷனை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

லப்பரஸ்கோப்பியில் வயிற்றில் போடும் துளைகள் 5 முதல் 12 மில்லிமீற்றர்தான். காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்பவைத்து, ஒரு துளையால் கமெராவையும் மற்றவற்றால் கருவிகளையும் விட்டுச் செய்கிறார்கள். வெளிக்காயம் சிறியது, வலி குறைவு, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம். இதைக் கேட்டதும் பலர் உள்ளே நடக்கும் வேலையும் சிறியதென்று நினைத்துவிடுகிறார்கள். வயிற்றைத் திறந்து செய்யும்போது நடப்பதேதான் உள்ளே நடக்கிறது. தையல் போட்ட இடம் கசிந்தால் அதே ஆபத்துத்தான்.

எந்த வருத்தத்துக்கு எந்த ஒப்பரேஷன் என்பதில்தான் அதிகம் கவனம் வேண்டும். அமிலம் மேலேறும் வருத்தத்துக்கு, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைக்கிறார்கள். ருடோல்ஃப் நிஸன் 1955இல் செய்த முறை இது. 1991 முதல் லப்பரஸ்கோப்பி வழியாகச் செய்யப்படுகிறது. நிஸனின் முழுச்சுற்று 360 பாகை, முழுதாகச் சுற்றாத டூபே முறை 270 பாகை. அக்கலேசியா என்ற வருத்தம் இதற்கு நேரெதிரானது. அதில் உணவுக்குழாயின் அடியிலுள்ள தசை தளராது, சாப்பாடு இறங்காது. அந்தத் தசையைக் கீறித் தளர்த்தும் முறையை ஏர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913இல் தொடங்கினார். வயிற்றில் துளையே இல்லாமல் வாய்வழியாக எண்டோஸ்கோப்பால் கீறும் போயம் முறை 2008இல் ஜப்பானில் வந்தது.

சிக்கல் என்னவென்றால், அக்கலேசியா உள்ளவருக்கும் நெஞ்செரியும், சாப்பாடு மேலே வரும். அதை ‘காஸ்ட்ரைட்டிஸ்’ (இரைப்பை அழற்சி) என்று நினைத்து வருடக்கணக்காக ஒமெப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை போடுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்கு அமிலத்துக்கென்று சுற்றித் தைத்துவிட்டால், ஏற்கனவே திறக்காத வாசலை இன்னும் இறுக்கியதாகிவிடும். இந்த இரண்டையும் பிரித்துக்காட்டுவது மனோமெற்றி. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை அது. அதோடு 24 மணிநேர அமில அளவீடு, பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே. மனோமெற்றி எல்லா வைத்தியசாலையிலும் இருக்காது. ஆகவே நீங்கள் இருக்கும் நாட்டிலேயே செய்து, ரிப்போட்டைக் கையில் கொண்டுபோவது புத்தி. மனோமெற்றி பார்க்காமல் ‘நாளைக்கே செய்வோம்’ என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு இன்னொருவரைப் பாருங்கள்.

இந்தப் பரிசோதனைகளுக்கும் முன்னேற்பாடு உண்டு. அமில அளவீட்டுக்கு வழக்கமாக 7 நாள் முன்னரும், ஹெலிகோபக்டர் பைலோரி கிருமியைத் தேடும் சோதனைக்கு 2 வாரம் முன்னரும் ஒமெப்ரசோல் வகை மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாமல் கேட்டு நிறுத்துங்கள். இரைப்பைப் புண்ணுக்கு அந்தக் கிருமிதான் காரணமென்றால் பெரும்பாலும் ஒப்பரேஷனே தேவையில்லை. அன்டிபயோட்டிக் சேர்ந்த மருந்துகளே போதும். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பரி மார்ஷலுக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

உடற்பருமனுக்கு ஸ்லீவ் செய்யப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இதில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். திரும்ப ஒட்ட முடியாது. ஏற்கனவே அமிலம் மேலேறும் வருத்தம் இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும், பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் முறை) பொருத்தமாக இருக்கலாம். உறவுக்காரர் ஒருவர் செய்து மெலிந்தார் என்பதற்காக அதையே கேட்டு வாங்காதீர்கள்.

விழுங்கச் சிரமம் கூடிக்கொண்டே போவது, காரணமில்லாமல் மெலிவது, கறுப்பாக மலம் போவது, இரத்த வாந்தி, இரத்தச்சோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊர்ப் பயணத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. இருக்கிற நாட்டிலேயே உடனே எண்டோஸ்கோப்பி கேளுங்கள். ஊரிலுள்ள பெரியவர்களுக்கும் இதே கதைதான். அதுவும் புகையிலையோடு வெற்றிலை போடுகிற அப்பாவோ அம்மம்மாவோ ‘சோறு இறங்குதில்லை’ என்றால் கஷாயம் வைத்துக் கொடுத்து நாள் கடத்தாமல் கூட்டிக்கொண்டு போங்கள். புற்றுநோய் என்று வந்தால் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது. அந்தச் சிகிச்சையை உங்கள் விமான டிக்கெட்டின் திகதிக்குள் அடக்கப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. நெஞ்சு இறுகி, வியர்த்து, கை அல்லது தாடைக்கு வலி ஓடினால் ‘காஸ் பிடிச்சிருக்கு’ என்று சோடா குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். அது மாரடைப்பாக இருக்கலாம். இலங்கையில் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

சரி, ஏற்பாடுகள். வைத்தியரைப் பார்க்க நேரம் பதியும் ஈசனலிங், டொக் 990 இணைய சேவைகள் இரண்டிலும் வெளிநாட்டிலிருந்தே பதியலாம். நாரஹேன்பிட்டியில் லங்கா ஹொஸ்பிடல்ஸ், ஆசிரி சேர்ஜிக்கல், கொள்ளுப்பிட்டியில் டேர்டன்ஸ், கொம்பனித்தெருவில் நவலோக்க என்று தனியார் வைத்தியசாலைகள் இருக்கின்றன. பல நிபுணர்கள் பகலில் அரசாங்க வைத்தியசாலையில் வேலை செய்து, பின்னேரத்தில்தான் தனியாருக்கு வருவார்கள். ஆகவே கட்டடத்தைவிட ஆளைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். நேரில் கேட்க வேண்டியவை: இதே ஒப்பரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? இரவில் எனக்கு ஏதாவது நடந்தால் யார் வருவார்? கசிவு வந்தால் என்ன செய்வீர்கள்? வயிற்றைத் திறக்க நேருமா? நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்.

செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். சேர்ஜன், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், அறை எல்லாம் தனித்தனியாக வரும். ஸ்லீவுக்குப் பாவிக்கும் ஸ்டேப்ளரின் விலை அதில் அடங்குமா, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வேறு கட்டணமா என்றும் கேளுங்கள். சாதாரண பயணக் காப்புறுதி திட்டமிட்ட ஒப்பரேஷனுக்குக் காசு தராது. அதனால் வரும் சிக்கலுக்கும் தராமல் விடலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருக்க நேர்ந்தால் அந்தக் காசு எங்கிருந்து வரும் என்பதை வீட்டில் கதைத்து வையுங்கள்.

மயக்க மருந்து நிபுணரிடம் எதையும் மறைக்க வேண்டாம். முக்கியமாக நீரிழிவுக்கோ உடல் மெலியவோ ஒஸெம்பிக், மௌன்ஜாரோ ஊசி போடுகிறவர்கள். அவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி கிடந்தாலும் உள்ளே உணவு இருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகக்கூடும். இரத்தத்தை இளக்கும் மாத்திரையையும், நாட்டு மருந்தையும் சொல்லுங்கள்.

பாஷைப் பிரச்சினை வைத்தியரோடு அவ்வளவு வராது. இரவு வார்டில் வரலாம். தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவைச் சேர்த்தால், சிங்களம் தெரிந்த ஒருவர் கூட நிற்க ஒழுங்கு செய்யுங்கள். சம்மதப் படிவத்தை வாசித்து விளங்கிய பிறகுதான் கையெழுத்து.

தங்குவதற்கு வெள்ளவத்தை எங்கள் ஆட்களுக்கு வசதி. சைவச் சாப்பாடும் பாமசியும் கிட்ட இருக்கும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியை மட்டும் எடுக்காதீர்கள். பின்னேர ட்ரபிக்கில் நாரஹேன்பிட்டிக்குக்கூட நேரம் எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுற்றித் தைத்த பிறகு முதலில் நீராகாரம், பின்னர் சில வாரம் மென்மையான உணவு. உறைப்பில்லாத கஞ்சி, சொதியில் நன்றாக ஊறிய இடியப்பம், மசித்த பூசணி நல்லது. பாண், ரொட்டி, இறைச்சித் துண்டு நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். நெக்டோ, ஜிஞ்சர் பியர் போன்ற காஸ் உள்ள குடிபானம் வேண்டாம். ஏப்பம் சரியாக வராது, வயிறு ஊதி அவதிப்படுவீர்கள். ஒப்பரேஷன் முடிந்து சாப்பாடு கொடுப்பதுதான் அன்பு என்று நினைக்கும் பெரியம்மாமாருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் நாட்களில் தோள்மூட்டு வலித்தால் பயம் வேண்டாம், அது பெரும்பாலும் உள்ளே விட்ட வாயுவால். ஆனால் காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, கூடிக்கொண்டு போகும் வயிற்று வலி, மூச்சுத்திணறல், ஒரு கால் வீங்குவது என்றால் அன்றைக்கே வைத்தியசாலை. காய்ச்சலென்றால் டெங்குவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக விழுங்க வேண்டாம்.

திகதிகளை இப்படிப் போடலாம்: முதல் வாரத்தில் பரிசோதனையும் ஒப்பரேஷனும், அதற்குப் பிறகு குறைந்தது மூன்று வாரம் கொழும்பில். சாதாரண வயிற்று ஒப்பரேஷனுக்கு 4, 5 நாளில் பறக்கலாம் என்று பிரித்தானியாவில் சொல்வதுண்டு. ஆனால் நீண்ட பயணத்தில் காலில் இரத்தம் உறையும் அபாயம் இருக்கிறது, கசிவு வந்தால் நடுவானில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சுற்றுலா அனுமதி 30 நாளுக்குத்தான் கிடைக்கும். வைத்தியத்துக்கும் அதிலேயே வரலாம், நீடிக்கவும் முடியும். ஆனால் கடைசி நாள் வரை விடாதீர்கள். யாழ்ப்பாணம் போவது, கோயில், கல்யாணம் எல்லாவற்றையும் ஒப்பரேஷனுக்கு முன்னரே முடித்துவிடுங்கள்.

திரும்பும்போது ஒப்பரேஷன் குறிப்பு, வெட்டி எடுத்த பகுதியின் பரிசோதனை முடிவு, படங்கள், மருந்துப் பட்டியல், சேர்ஜனின் தொலைபேசி இலக்கம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். பரிசோதனை முடிவு வர நாளெடுக்கும். அதை வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். போய் இறங்கியதும் குடும்ப வைத்தியரிடம் ஒரு பிரதி கொடுங்கள். ஸ்லீவோ பைபாஸோ செய்தவர்களுக்கு விற்றமின் பி12, இரும்புச்சத்து, விற்றமின் டி அளவுகளை ஆயுள் முழுக்கப் பார்த்துவர வேண்டும். அதற்கான முதல் இரத்தப் பரிசோதனையின் திகதியை அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.