இரு காதில் இரு சுருதி: படிக்க உட்காரும்போது நான் செய்வது

சின்ன வயதில் பாட்டி தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒன்றாக வந்ததும் ஒரு அலை எழும். பிரடையைத் திருகத் திருக அது நிதானமாகி, சுருதி சேர்ந்ததும் அடங்கிவிடும். பைனாரல் பீட்ஸும் அப்படி ஒரு அலைதான். தம்புராவின் அலை காற்றிலேயே உண்டாகிறது. இது தலைக்குள் உண்டாகிறது. இடது காதுக்கு 200 ஹெர்ட்ஸ், வலது காதுக்கு 210 ஹெர்ட்ஸ் கொடுத்தால், மூளைத்தண்டில் இரண்டும் சேர்ந்து நொடிக்கு 10 துடிப்பாகக் கேட்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிச் டோவ என்ற ஜெர்மன் இயற்பியலாளர் இதைக் கவனித்துவிட்டார்.

குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். வீடு திருவல்லிக்கேணியில். சாயங்காலம் ஆனால் கீழே மாவு மில் ஓடும். அந்த இரைச்சலைத் தாண்டிப் படிக்கத்தான் இதைத் தொடங்கினேன். முதல் வாரம் போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். அது பயன்படாது, இரண்டு ஒலியும் காற்றிலேயே கலந்துவிடும். ஹெட்போன் கட்டாயம், இரண்டு காதிலும் வேண்டும். போன் செட்டிங்ஸில், இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைக் கலந்து கொடுக்கும் 'மோனோ ஆடியோ' அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிடைக்கிற ஆடியோவை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு காதிலிருந்து கழற்றுங்கள். மீதிக் காதில் அலையில்லாத ஒரே சீரான ஒலி கேட்க வேண்டும். அப்போதும் துடித்தால் அந்தக் கோப்பு பைனாரல் இல்லை. மழை ஓசை, இசை எல்லாம் சேர்த்திருந்தால் இந்தச் சோதனை சரிவராது. அதனால் நானே செய்துகொள்கிறேன். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒரு டிராக்கில் 200 ஹெர்ட்ஸ் சைன் டோன், இன்னொன்றில் 214. முதலாவதை முழுக்க இடப்பக்கம், மற்றதை முழுக்க வலப்பக்கம் தள்ளி, ஸ்டீரியோ வேவ் கோப்பாகச் சேமித்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

புதிதாகப் படிக்கும்போது 14 துடிப்பு, மனம் அலைபாயும் நாளில் 10. இது என் பழக்கம், விதி இல்லை. ஆய்வுகளும் ஒருமித்துப் பேசவில்லை: சிலவற்றில் கவனமும் நினைவும் கொஞ்சம் கூடின, சிலவற்றில் ஒன்றும் மாறவில்லை. எனக்கு அது 'இப்போது படிக்கிற நேரம்' என்று சொல்லும் மணி மாதிரி. ஒலி மெல்லியதாக, பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் கேட்கும் அளவில் இருக்கட்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வண்டி ஓட்டும்போது யாருமே கேட்கக் கூடாது.

25 நிமிடம் கேட்டுக்கொண்டே படிப்பேன். அப்புறம்தான் முக்கியமான வேலை: ஹெட்போனைக் கழற்றி, புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் எழுதுவேன். 280 நிதி ஆணையம், 315 அரசுப் பணியாளர் தேர்வாணையம், 324 தேர்தல் ஆணையம் என்று அரசியலமைப்புப் பிரிவுகள் வரிசையாக வர வேண்டும். தேர்வறையில் காதில் எந்தத் துடிப்பும் இருக்காது. அதனால் நினைவுபடுத்துவதை எப்போதும் ஒலியில்லாமல்தான் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பிரிவில் உட்காரும் நாட்களில் ஹெட்போனை எடுப்பதே இல்லை. அங்கே உள்ள அமைதியே போதும். போகிற வழியில், பறக்கும் ரயிலில் முந்தைய நாள் பிரிவுகளை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். வராதவற்றைச் சின்னத் துண்டுச்சீட்டில் குறித்துவைத்து, சாயங்காலம் மாவு மில் ஓடத் தொடங்கியதும் மறுபடி எடுப்பேன்.