ராப் பாட்டைக் காதால் படிப்பது எப்படி?

ராப் பிடிக்கும், ஆனால் என்ன சொல்கிறார்கள் என்றுதான் பிடிபடவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "வேகமாகப் பேசுகிறார்கள், அவ்வளவுதானே?" என்பவர்களும் கூடவே வரலாம். ஒரு பாட்டு, ஒரு தாள், இரண்டு மூன்று வண்ணப் பேனா, ஒரு மணி நேரம் இருந்தால் போதும்.

படி 1: வரிகளைத் தேடாதீர்கள்

பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் கை தானாக இணையத்தில் வரிகளைத் தேடப் போகும். விடாதீர்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டிய ஒரு விருந்தைத்தான், ராப்பின் தாய்வீடான ஹிப் ஹாப் கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றிச் சுழலவிட்டு, தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை நீட்டிக்கொண்டே போவது அவருடைய உத்தி. ஆடுபவர்களை உசுப்ப அதன்மேல் மைக்கில் விட்ட கூவல்கள்தான் வளர்ந்து வரிகளாயின. தாளம் மூத்தது, சொல் இளையது. அதனால் முதல் இரண்டு முறை பொருளை விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுங்கள்.

படி 2: விரல் விட்டு எண்ணுங்கள்

பெரும்பாலான ராப் நான்கு தட்டுக் கணக்கில் ஓடுகிறது. நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு 'பார்'; வழக்கமான ஒரு சரணம் 16 பார். நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில் அது ஏறக்குறைய 43 வினாடியில் முடிந்துவிடும். இப்போது தாளில் எழுதுங்கள், ஒரு பாருக்கு ஒரு வரி. பிறர் எழுதி வைத்த வரிகளை இந்தக் கட்டத்தில் ஒத்துப் பார்க்கலாம். ஆனால் வரியை எங்கே உடைப்பது என்பதை உங்கள் விரல்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 3: ஓசைக்கு வண்ணம் அடியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். பழகுவதற்காக நானே கட்டிய இரண்டு வரி:

பூட்டிய வாயில் பாட்டு, இனி யாரிடம் சாவி கேட்டு?
காட்டிய வழியில் போகமாட்டேன், காலடி ஓசை கூட்டு!

'கேட்டு', 'கூட்டு' இரண்டும் நான்காவது தட்டில் விழுகின்றன. வரிக்கடைசி ஓசைகள் ஒத்துப்போகும் இது இயைபு, ராப்பின் அடிப்படைத் தூண். தமிழ்க் காது முதலில் தேடுவது 'பூட்டிய', 'காட்டிய' என்று வரித்தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகையை. இரண்டுக்கும் ஒரே வண்ணம் அடியுங்கள். அப்புறம் வரியின் நடுவில் ஒளிந்திருக்கும் 'பாட்டு', 'மாட்டேன்' இரண்டையும் பிடியுங்கள். வரி முடிவில் மட்டும் ஓசை பொருந்தினால் பத்தாம் வரியிலேயே சலித்துவிடும். 1980-களின் பிற்பகுதியில் ராக்கிம் போன்ற அமெரிக்க ராப்பர்கள் வரியின் உள்ளேயே ஓசைகளைப் பின்னத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கலை வேறு உயரத்துக்குப் போனது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'பூட்டிய வாயில்' என்பது மூடிய வாய்க்குள்ளா, பூட்டிய கதவா? சாவி என்று அடுத்து வருவதால் இரண்டுமே நிற்கும். சிலேடைதான், வேறொன்றுமில்லை. ராப்பர்கள் இதில் கில்லாடிகள். ஒரு வரியை மூன்று நாள் கழித்துப் புரிந்துகொண்டு தனியாகச் சிரித்த அனுபவம் எனக்கு உண்டு.

படி 4: யார் கூற்று?

பாட்டில் 'நான்' என்று வந்தால் பாடுபவரையே நினைத்துவிடுகிறோம். சங்க அகப்பாடலில் ஆண் புலவர் தலைவி கூற்றாகப் பாடும்போது அப்படி யாரும் குழம்புவதில்லை. அமெரிக்க ராப்பர் எமினெம் 2000-ல் வெளியிட்ட 'ஸ்டான்' பாட்டில் முதல் மூன்று சரணமும் வெறிபிடித்த ஒரு ரசிகனின் கூற்று. நான்காவதில்தான் பாடகர் பதில் எழுதுகிறார். 'ஸ்டான்' என்ற அந்தக் கற்பனை ரசிகனின் பெயர் இன்று ஆங்கில அகராதிகளில் தீவிர ரசிகரைக் குறிக்கும் பொதுச்சொல். எனவே ஒவ்வொரு சரணத்தின் ஓரத்திலும் 'கூற்று: இன்னார்' என்று குறித்துவிடுங்கள்.

இது வெறும் இலக்கிய விளையாட்டு இல்லை. அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் வரிகளையே குற்றத்துக்குச் சாட்சியமாகக் காட்டிய வழக்குகள் உண்டு. கொலைக்கதை எழுதும் நாவலாசிரியரிடம் யாரும் "எங்கே கத்தி?" என்று கேட்பதில்லை, ராப்பரிடம் கேட்கிறார்கள்! கலிபோர்னியா 2022-ல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது: படைப்பைச் சாட்சியமாக ஏற்கும் முன், அது நியாயமற்ற வெறுப்பைக் கிளப்புமா என்பதை நீதிபதி எடைபோட வேண்டும்.

படி 5: கொச்சைச் சொற்கள்

கடைசியில்தான் அகராதி வேலை. 2009-ல் ராப் வரிகளுக்கு உரை எழுதும் தளமாகத் தொடங்கிய 'ஜீனியஸ்' உதவும். ஆனால் பல உரைகள் ரசிகர்கள் எழுதியவை. சில நேரம் கவிஞர் கனவிலும் நினைக்காததை எல்லாம் கண்டுபிடித்திருப்பார்கள். உங்கள் வண்ணத்தாளை அருகில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

சரி, எந்தப் பாட்டில் தொடங்குவது? 2018-ல் ராப்பர் கென்ட்ரிக் லாமரின் 'டாம்' தொகுப்புக்கு அமெரிக்காவின் பெருமைமிக்க புலிட்சர் பரிசு இசைப் பிரிவில் கிடைத்தது. செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுவே முதல் முறை. ஆசை வரும், ஆனால் அதை மூன்றாவது நான்காவது பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிமிடத்துக்கு 90 தட்டைத் தாண்டாத, ஒருவரே பாடும் பாட்டாக, உங்களுக்கு ஏற்கெனவே பாதி மனப்பாடமான ஒன்றாக எடுங்கள். அதிலும் ஒரு சரணம் மட்டும்.