சிட்டடெல் கோட்டையிலிருந்து ஓர் அகலப் படம்

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியின் சிட்டடெல் கோட்டையில் நின்றால் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் லெ பூஸ் மலை. ஒரே படத்தில் இரண்டும் அடங்காது. பல படங்களாக எடுத்து ஒட்டவேண்டும்.

கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு மீண்டும் வரட்டும். வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் முதலிலேயே பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் கடல் பக்கம் கருத்தும் மலைப் பக்கம் வெளுத்தும் போய், வானம் பட்டை பட்டையாகத் தெரியும். லென்ஸின் முன் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) இருந்தால் கழற்றிவிடுங்கள். அதுவும் வானத்தைத் திட்டுத் திட்டாக்கும்.

பலர் தவறுவது திரும்பும் விதத்தில்தான். கேமராவைக் கையை நீட்டிப் பிடித்து உடம்போடு சுழன்றால், அருகிலுள்ள கோட்டைச் சுவர் தொலைவிலுள்ள மலையோடு ஒப்பிடும்போது இடம் மாறிவிடும். அதை எந்த மென்பொருளாலும் சுத்தமாக ஒட்ட முடியாது. லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சுற்றி நீங்கள் நகருங்கள். அது கடினமென்றால் சுவரைப் படத்துக்குள் விடாதீர்கள்; மலையும் கடலும் தொலைவில் இருப்பதால் சிறு பிசகு தெரியாது.

ஒட்டுவதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஹுகின் என்ற மென்பொருள் போதும். மிக அகலமான காட்சிக்கு அதில் உருளை வடிவ விரிப்பை, அதாவது காட்சியை ஓர் உருளையின் மேல் பதித்து விரிக்கும் முறையை, தேர்ந்தெடுங்கள். தைப்பூசக் காவடி ஊர்வலத்தை மட்டும் இப்படி எடுக்கவேண்டாம். நடப்பவர்கள் இரண்டிரண்டாகவோ பாதி உடம்பாகவோ பதிவார்கள்.