ஒரு சைட்டுக்கு மட்டும் பிஎச்பி செட்டிங் மாற்றுவது எப்படி

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் ஆன்லைன் ஆர்டர் ஷீட்டை எடுத்துக்கொள்வோம். 15 ஸ்டைல், ஸ்டைலுக்கு 10 கலர், கலருக்கு 8 சைஸ்: மொத்தம் 1,200 கட்டங்கள். சேவ் கொடுத்தால் பிஎச்பி முதல் 1,000-ஐ மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடும். எர்ரர் லாகில் எச்சரிக்கை விழும். திரையில் தெரியாமலே போகலாம். கடைசி ஸ்டைல்களின் பீஸ் கணக்கு இல்லாமலே கட்டிங்குக்குப் போய்விடும் என்பதால் இதை முதலில் சரிசெய்யுங்கள். பிஎச்பி இப்படி விடக் காரணம், மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் (ஒரு ஃபார்மில் வாங்கும் கட்டங்களின் உச்ச வரம்பு) 1000 என்று இருப்பது.

இதற்காகப் பொது பிஎச்பி.ஐஎன்ஐ-யில் கை வைக்காதீர்கள். அதே சர்வரில் ஓடும் ஈரோட்டு மஞ்சள் மண்டி சைட்டுக்கும் அது மாறிவிடும்.

முதலில் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தில் (சைட்டில் ஒரு சின்ன ஃபைல் வைத்துத் திறந்தால் பிஎச்பி செட்டிங் எல்லாவற்றையும் காட்டும் பக்கம்) 'சர்வர் ஏபிஐ' வரியைப் பாருங்கள். வேலை எல்லாம் முடிந்ததும் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். எஃப்பிஎம்/ஃபாஸ்ட்சிஜிஐ என்றிருந்தால் சைட்டின் ரூட் ஃபோல்டரில் .யூசர்.ஐஎன்ஐ ஃபைல் வைத்து (பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில்) இப்படி எழுதுங்கள்:

மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் = 3000
அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் = 32எம்
போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் = 40எம்

போஸ்ட் அளவு (ஃபார்ம் மொத்தத்துக்குமான வரம்பு) அப்லோட் அளவைவிட (ஒரு ஃபைலுக்கான வரம்பு) கூடுதலாக இருக்க வேண்டும். போஸ்ட் அளவைத் தாண்டினால் ஃபார்ம் மொத்தமும் காலியாக வந்து சேரும். '32எம்பி' என்று எழுதினால் 32 பைட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒற்றை 'எம்' போதும்.

சேவ் செய்ததும் மாறவில்லை என்று பதற வேண்டாம். இந்த ஃபைலை பிஎச்பி 300 விநாடிக்கு ஒருமுறைதான் திரும்பப் படிக்கும். பிறகு பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தில் 'லோக்கல் வேல்யூ' மட்டும் மாறி, 'மாஸ்டர் வேல்யூ' பழையபடி இருந்தால் வேலை சரி.

'அப்பாச்சி 2.0 ஹேண்ட்லர்' என்றிருந்தால் .எச்டிஆக்சஸ் (அப்பாச்சி வெப் சர்வருக்கான சைட் செட்டிங்) ஃபைலில் 'பிஎச்பி_வேல்யூ மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் 3000' என்று சேர்க்கவும். இதே வரியை அப்பாச்சியோடு எஃப்பிஎம் ஓடும் சர்வரில் போட்டால் சைட் 500 எர்ரரில் நின்றுவிடும்.

கோடுக்குள் ஐஎன்ஐ_செட் போட்டு இந்த மூன்றையும் மாற்ற முடியாது. ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும் முன்பே ஃபார்ம் உள்ளே வந்து முடிந்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் 413 எர்ரர் (அனுப்பியது மிகப் பெரிது) வந்தால், தடுப்பது பிஎச்பி அல்ல, வெப் சர்வர். அது என்ஜின்எக்ஸ் என்றால், அதன் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் வழக்கமாக 1 எம்பிதான். அந்த சைட்டின் சர்வர் பிளாக்கில் 40எம் ஆக்கி ரீலோட் செய்யுங்கள். எஃப்பிஎம் பூலில் (சர்வர் நிர்வாகி வைக்கும் செட்டிங்) பிஎச்பி_அட்மின்_வேல்யூ போட்டுப் பூட்டியிருந்தால் .யூசர்.ஐஎன்ஐ எடுபடாது, ஹோஸ்டிங்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

.யூசர்.ஐஎன்ஐ பிரவுசரில் திறக்காதபடி வெப் சர்வரில் தடை போடவும். அப்பாச்சியின் வழக்கமான தடை .எச்டி என்று தொடங்கும் ஃபைல்களுக்கு மட்டுமே.