மேல்வீட்டுத் தொல்லை தீர்ந்தது இப்படித்தான்

லண்டனில் கவுன்சில் (உள்ளாட்சி) வாடகைக்கு விடும் ஃபிளாட்டில் இருக்கிறோம். மேல்வீட்டில் இரவு 2 மணிக்கும் பாட்டு, மாடிப்படியில் குடி, கேட்கப் போனால் மிரட்டல். ஃபோனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அப்புறம்தான் ஒரு நோட்டில் தேதி, நேரம், நடந்தது எல்லாம் எழுத ஆரம்பித்து, ஒவ்வொன்றையும் அது நடந்த ஒரு மாதத்துக்குள் கவுன்சிலுக்கு மின்னஞ்சலில் புகாராக அனுப்பினேன். 6 மாதத்தில் 3 புகார் கொடுத்திருந்தால், இங்கே அக்கம்பக்கத் தொல்லைகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலும் போலீஸும் சேர்ந்து உட்கார்ந்து விஷயத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லி நாமே கேட்கலாம். இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கேட்டேன். கவுன்சில் மேல்வீட்டுக்காரர் மேல் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது, மீறினால் சிறைகூட உண்டு. அங்கே பெரிய ஆதாரம் என் நோட்டுதான். இப்போது பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.